கருவியா, கருத்தாவா?

இலக்கணம் கற்பிப்போர்க்கு ஒரு வசதி உண்டு. உலக வழக்குகள் எத்துணைச் சிக்கலானவை ஆயினும் அவற்றை எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று கரும்பலகையில் நிறுத்திப் பார்த்துவிடலாம். சில வேளைகளில் மாணாக்கர் ஆசிரியரையே அக்கரும்பலகையின் முன் நிறுத்திவிடுவதும் உண்டு.

அண்மையில் ஒரு மாலை, யான் பாடஞ்சொல்லும் பிராசீன பாடசாலையில் மூன்றாம் வேற்றுமை நடந்துகொண்டிருந்தது. ஆல் என்னும் உருபு கருவிப் பொருளிலும் வரும், கருத்தாப் பொருளிலும் வரும் என்றேன். 'வாளால் வெட்டினான்' என்புழி வாள் கருவி. 'தச்சனால் ஆகிய தேர்' என்புழித் தச்சன் கருத்தா. அக்கருத்தாவும் இருவகைப்படும். 'அரசனால் ஆகிய கோயில்' என்றால் அரசன் கல் சுமந்தான் என்பதன்று, ஏவினான் என்பதே பொருள். அவன் ஏவுதற் கருத்தா. உளி பிடித்த தச்சன் இயற்றுதற் கருத்தா. உருபு ஒன்றாயிருப்பினும் பொருள் வேறுபடும் என்பதை இடம் நோக்கி அறிக என்று கூறி முடித்தேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, 'தொழிலாளரால் அரசாங்கம் ஆட்டங்கண்டது' என்று பத்திரிகையிலே எழுதுகிறார்கள். அங்கே தொழிலாளர் கருவியா, கருத்தாவா?" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருடைய பாட்டனார் 1980ஆம் ஆண்டு ஜூலை வேலைநிறுத்தத்தில் உத்தியோகம் இழந்தவர்களுள் ஒருவர் என்பதை யான் பின்னர் அறிந்தேன். சங்கம் அழைத்தது, போனோம். வேலை போன பிறகு சங்கமும் வரவில்லை, கட்சியும் வரவில்லை என்று அம்முதியவர் இறுதிவரை கூறிக்கொண்டிருந்தாராம்.

இடம் நோக்கி அறிக என்று கூறிய ஆசிரியன் இடத்தை நோக்காதிருத்தல் முறையன்று. ஆதலின் அவ்வினாவை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இடதுசாரிகளிடையே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கும் இதுவே. தொழிலாளர் இயக்கம் தன் காலில் தானே நிற்பதா, அன்றி ஒரு கட்சியின் கையில் கோலாக இருப்பதா என்பதே அவ்வழக்கு.

இரு சாரார் கூற்றையும் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். ஒருசாரார் கூறுவது இது: தொழிற்சங்கம் கூலிக்கும் வேலை நேரத்துக்கும் வழக்காடும் நிலையம். அரசு, சட்டம், காணி, மொழி, பிரசாவுரிமை ஆகியன அதன் கண்ணுக்கு எட்டா. ஒரு தொழிற்சாலையின் மதிலுக்குள் நின்று நாட்டைக் காண இயலாது. ஆதலால் எல்லாவற்றையும் ஒருங்கே காணவல்ல கட்சி ஒன்று வேண்டும். லெனின் 1902ஆம் ஆண்டு வெளியிட்ட 'என்ன செய்ய வேண்டும்?' என்னும் நூலின் மையக் கருத்து இதுவே. தொழிலாளர் தம் முயற்சியளவில் எய்துவது தொழிற்சங்க உணர்வு மாத்திரமே. அதற்கு அப்பாற்பட்ட உணர்வு புறத்திருந்து வருதல் வேண்டும் என்பது அந்நூலின் துணிபு.

மற்றொரு சாரார் 1864ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றிய சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தைச் சுட்டுவர். தொழிலாளரின் விடுதலை தொழிலாளராலேயே எய்தப்படுதல் வேண்டும் என்பது அச்சங்கத்துக்கு மார்க்சு வகுத்த விதிகளின் முதற்கருத்து. அங்கே ஆல் உருபு தேற்றேகாரமும் பெற்று நிற்றலின், அது கருத்தாப் பொருளே என்பதில் ஐயமில்லை. 1906ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுத் தொழிற்சங்கங்கள் அமியான் நகரிற் கூடி, சங்கம் எக்கட்சிக்கும் கட்டுப்பட்டதன்று எனச் சாசனம் செய்தன. அதே ஆண்டு றோசா லுக்சம்பேர்க் அம்மையார், 1905ஆம் ஆண்டு உருசியக் கிளர்ச்சியை ஆராய்ந்து, பெருவேலைநிறுத்தம் எக்கட்சியின் கட்டளையாலும் பிறப்பதன்று, மக்களின் வாழ்விலிருந்து பொங்கி எழுவது என்று நிறுவினார். வியப்பு யாதெனில், இரு சாராரும் மார்க்சையே சான்று காட்டுவர். அவரும் 1871இல் தொழிலாளர்க்குத் தனிக்கட்சி வேண்டும் என்னும் தீர்மானத்துக்குத் துணைநின்றவரே. மூலநூல் ஒன்று, உரைகள் இரண்டு. நமக்குப் பழக்கமான நிலைதான்.

உரைகளை விடுத்து நம் நாட்டு வழக்கை நோக்குவோம்.

இலங்கையில் கட்சிகள் தோன்றுமுன்னரே வேலைநிறுத்தங்கள் தோன்றின. 1893இல் கொழும்பு அச்சுத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். 1906இல் வண்டிக்காரர், 1912இல் புகையிரத ஊழியர். இவர்களை ஏவிய கட்சி எதுவும் அன்று இருந்ததில்லை. 1922இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் யூனியனை அமைத்தார். 1923இல் கொழும்பிற் பொது வேலைநிறுத்தம், 1927இல் துறைமுக வேலைநிறுத்தம், 1929இல் ட்ராம் வண்டி வேலைநிறுத்தம் என்று சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையாளிகள் ஆகிய யாவரும் ஓரணியில் நின்ற காலம் அது. 1928இல் குணசிங்க தொழிற்கட்சியைத் தோற்றுவித்தார். ஆனால் உலகப் பொருளாதார மந்தம் வந்து வேலையின்மை பெருகியபொழுது, அவரே மலையாளத் தொழிலாளரை எதிரிகளாகச் சுட்டிக்காட்டத் தொடங்கினார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது அவர் அதற்கு எதிராக நின்றார், கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்களே தொழிலாளர் பக்கம் நின்றனர். அவ்விளைஞர்கள் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர்.

தலைவன் திரும்பினாற் சங்கமும் திரும்பிவிடும் என்றால் அச்சங்கம் யாருடையது என்னும் வினா அன்றே எழுந்திருத்தல் வேண்டும். எழுந்த வினாவுக்கு அன்று கிடைத்த விடை, வேறொரு தலைவனைத் தேடுவதாகவே அமைந்தது.

மலைநாட்டிலும் இக்காலத்தே விழிப்புத் தோன்றிற்று. கோ. நடேசய்யர் 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாடல்களைப் பாடியே லயன்களிற் கூட்டங் கூட்டினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அன்று தோட்டத்துரையின் அனுமதியின்றி ஒரு கூட்டம் வைப்பதே பெரும்போராட்டமாயிருந்தது என்பதை இன்று எண்ணிப் பார்த்தல் நன்று.

இவ்விடத்திலே, கட்சி வேண்டும் என்பாரின் கூற்று எத்துணை வலிமை உடையது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிற்று. தோட்டங்களில் அதன் சங்கமே வலிமை பெற்றிருந்தது. கூலிக்கு வழக்காட வல்ல அச்சங்கத்தால், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தைத் தடுக்க இயன்றதா? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. கொழுந்து பறிக்கும் கை அடுத்த நாளும் கொழுந்து பறித்தது. அக்கைக்கு மாத்திரம் வாக்குச் சீட்டு இல்லாதொழிந்தது. சட்டங்கள் ஆக்கப்படுமிடம் நாடாளுமன்றம். அங்கே அன்று எதிர்த்து வாக்களித்தவை இடதுசாரிக் கட்சிகளும் தமிழ்ப் பிரதிநிதிகள் சிலருமே. ஆகவே, அரசியலே வேண்டா, சங்கமே போதும் என்பார் தோட்டத் தொழிலாளியின் முகத்தைப் பார்த்து அதனைக் கூற இயலாது.

இரண்டும் ஒன்றுசேர்ந்த நாளும் உண்டு. 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் அத்தகையது. பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. இடதுசாரிக் கட்சிகள் ஒரு நாள் என்று குறித்தன. கிராமத்து மக்களோ தண்டவாளத்தைப் பெயர்த்தனர், வீதிகளை மறித்தனர். சிலவிடங்களில் மறுநாளும் கிளர்ச்சி நீடித்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடிற்று. உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். இங்கே ஏவியோரும் இயற்றியோரும் ஒருங்கு நின்றனர் எனினும், இயற்றியோர் ஏவியோரைக் கடந்து சென்றனர். கடந்து சென்றவர்களை அடுத்து எங்கே அழைத்துச் செல்வது என்பது ஏவியோர்க்கும் புலப்படவில்லை. 

இனி, என் மனத்தை மிகவும் உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். 1963ஆம் ஆண்டு இந்நாட்டின் தொழிற்சங்கங்கள் கட்சிபேதமின்றி ஒரு கூட்டுக் குழுவை அமைத்து 21 கோரிக்கைகளை முன்வைத்தன. கொழும்பின் எழுதுவினைஞரும் துறைமுகத் தொழிலாளரும் மாத்திரமல்லர், இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசும் அதிற் சேர்ந்தன. ஏறத்தாழ 10 இலட்சம் தொழிலாளரின் குரல் அது. சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும், பட்டினத்தானும் தோட்டத்தானும் ஒரே தாளிற் கையொப்பமிட்டமை நம் வரலாற்றில் அதற்கு முன்னும் அரிது, பின்னும் அரிது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஹர்த்தாலின் பத்தாம் நினைவுநாளன்று மூன்று இடதுசாரிக் கட்சிகள் ஐக்கிய இடதுசாரி முன்னணி அமைத்தன. சங்கமும் முன்னணியும் இரு கால்களாய் நடக்கும் என்று பலரும் நம்பினர்.

ஓராண்டு நிறையுமுன் யாவும் மாறின. 1964 ஜூன் மாதத்தில் சமசமாஜக் கட்சியின் மாநாடு பெரும்பான்மை வாக்கால் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசாங்கத்திற் சேர முடிவுசெய்தது. என். எம். பெரேரா நிதியமைச்சரானார், மேலும் இருவர் அமைச்சராயினர். ஐக்கிய முன்னணி கலைந்தது. 21 கோரிக்கைகள் தூசி படிந்த கோப்பாயின. யாருடைய தோளில் ஏறிக் கோட்டைச் சுவரை எட்டினரோ, அத்தோள்களிடம் ஒரு சொல் கேட்டாரல்லர். மாநாட்டில் வாக்களித்தோர் கட்சி உறுப்பினர். கோரிக்கைகளுக்கு உரியோராகிய அத்தொழிலாளர் அல்லர்.

அதனினும் கொடியது அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி நடந்தது. ஸ்ரீமாவோ, சாஸ்திரி இருவரும் ஒப்பந்தமொன்றிற் கையொப்பமிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்ப்போம் என்று மக்கள் பங்கிடப்பட்டனர். அவ்வேளை இடதுசாரி அமைச்சர்கள் அமைச்சரவையிலே இருந்தனர். 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து முழங்கிய கட்சி அது. ஓராண்டுக்கு முன் 21 கோரிக்கைகளில் கையொப்பமிட்ட தோட்டத் தொழிலாளி, எந்நாட்டவன் என்பதைத் தன்னைக் கேளாதே பிறர் தீர்மானித்ததை வானொலியிற் கேட்டறிந்தான்.

1966ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதியையும் மறத்தலாகாது. தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்கீழ் ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டபொழுது, சுதந்திரக் கட்சியும் சமசமாஜக் கட்சியும் கொம்யூனிஸ்ட் கட்சியும் கூடி அவற்றை எதிர்த்துத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தன. கொழும்பு ஊர்வலத்திற் பொலிசார் சுட்டதில் ஒரு பிக்கு உயிரிழந்தார், அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த அதே இடதுசாரிகள், பத்தாண்டு கழித்துத் தொழிலாளியின் வேலைநிறுத்த ஆயுதத்தைச் சக தொழிலாளியின் மொழிக்கு எதிராக ஓங்கினர். வேலைநிறுத்தம் தொழிலாளியின் உளி. அவ்வுளியைக் கட்சி இரவல் வாங்கி யாது செய்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

அன்று எல்லோரும் பணிந்தாரல்லர். எட்மண்ட் சமரக்கொடி, மெரில் பெர்னாண்டோ முதலியோர் 1964இல் கட்சியை விட்டு வெளியேறினர். இலங்கை வர்த்தக ஊழியர் சங்கத்தை 1948 முதல் 2014இல் தாம் மறையுமளவும் நடத்திய பாலா தம்பு, அச்சங்கத்தைக் கட்சிகளின் பிடியிலிருந்து காத்தார். சீனச் சார்புக் கொம்யூனிஸ்டுகளின் பக்கம் நின்ற நா. சண்முகதாசனும் கூட்டரசாங்கத்தைக் கண்டித்தார். ஆனால் உண்மையை முழுதும் உரைத்தல் வேண்டும். தனித்து நின்ற சங்கங்கள் தம் மானத்தைக் காத்தன; நாட்டின் போக்கை மாற்ற வல்லனவாகவில்லை. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் கூடினால் ஒரு சங்கம் அமைக்கலாம். எளிமையான அவ்விதி ஒரு நன்மையே. ஆயினும் கட்சிக்கு ஒரு சங்கம், கட்சி பிளந்தால் சங்கமும் பிளப்பு என்று அது பெருகிற்று.

அப்பெருக்கத்தின் விளைவு 1980 ஜூலையில் வெளிப்பட்டது. சம்பள உயர்வு கேட்டு அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆளுங்கட்சியின் சங்கம் வேலைநிறுத்தத்தை உடைக்கும் கோடரியாயிற்று. ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். என் மாணவரின் பாட்டனார் அவர்களுள் ஒருவர்.

அடுத்த மாதமே, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் போலந்து நாட்டில் நடந்ததை இதனோடு ஒப்பிடல் பொருந்தும். கிடான்சுக் நகரின் கப்பற்கட்டும் தளத்துத் தொழிலாளர் 1980 ஓகஸ்டில் வேலையை நிறுத்திக் கோரிக்கைகளைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டனர். எண்ணிப் பார்த்தால் அவையும் 21. கட்சியிலிருந்து விடுபட்ட சுதந்திரத் தொழிற்சங்கம் வேண்டும் என்பதே அவற்றுள் முதலாவது. தொழிலாளர் பெயரால் ஆளும் கட்சியிடமே தொழிலாளர் அதனைக் கேட்டனர். ஏறத்தாழ ஒரு கோடி பேர் சேர்ந்த 'சொலிடாரிட்டி' சங்கம் எழுந்தது. 1981 டிசெம்பரில் இராணுவச் சட்டத்தால் ஒடுக்கப்பட்டது. 1989இல் மீண்டெழுந்து ஆட்சியையே பிடித்தது. சங்கத் தலைவர் வலேசா 1990இல் ஜனாதிபதியானார். கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாயிருக்கும். ஆனால் அச்சங்கத்தவர் தாங்கிய ஆட்சியின்கீழ்ப் பல தொழிற்சாலைகள் மூடுண்டன. சங்கம் பிறந்த கப்பற்கட்டும் தளமே 1996இல் முறிவடைந்தது. கட்சியை எதிர்த்துப் பிறந்த சங்கமும் அரியணையை அணுகியவுடன் கட்சியின் நோய்க்கு ஆளாயிற்று. ஆகவே நோய் கட்சி என்னும் பெயரில் இல்லை. ஏவுவோர் ஓரிடத்தும் இயற்றுவோர் வேறிடத்துமாகப் பிரிந்துவிடும் நிலையிலேதான் இருக்கிறது.

நம் மலைநாட்டிலிருந்து மாறுபட்ட ஒரு சான்றும் தரலாம். தொண்டமான் 1978 முதல் அமைச்சர். எனினும் 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிலாளர் பெருவேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும், ஆண் பெண் இருபாலார்க்கும் சமகூலியும் பெற்றனர். 1986 ஜனவரியில் காலைவேளைப் பிரார்த்தனை என்னும் பெயரால் வேலையைத் தாமதித்து, நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டத்துக்கு வழிசெய்தனர். அமைச்சர் அமைச்சரவையில் இருந்தும் தொழிலாளியின் கை தளரவில்லை என்றால், அதற்குக் காரணம் மலையில் கொழுந்து பறிப்போர் உண்மையிலே வேலையை நிறுத்த வல்லவராயிருந்தமையே. அவ்வலிமை தளர்ந்த பிற்காலத்தே, நாளொன்றுக்கு ரூபா 1,000 என்ற கோரிக்கை 2015ஆம் ஆண்டளவில் எழுந்து, 2021இல் சம்பளச் சபை மூலமாகவே நிறைவேறிற்று. அதற்குள் விலைவாசி அதனை விழுங்கிக்கொண்டிருந்தது. தலைவர்கள் அமைச்சராய் இருந்தமை இரு காலத்துக்கும் பொது. வேறுபட்டது கீழேயிருந்த வலிமை.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராடினர். யானும் விலகினேன். கோரிக்கை நியாயமானது என்று இன்றும் நம்புகிறேன். நோய்த்தொற்றுக் காலத்தில் ஏற்கெனவே படிப்பிழந்த பிள்ளைகளை எண்ணி உறக்கமின்றிக் கிடந்த இரவுகளும் உண்டு. எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலே ஐந்து சங்கங்களின் உறுப்பினர் இருந்தனர். அச்சங்கங்களுட் பெரும்பாலானவற்றின் பின்னே ஒவ்வொரு கட்சி இருந்தது. தொடங்கும்பொழுது எங்களைக் கூட்டிப் பேசினர். முடிக்கும்பொழுது ஒருவரும் எங்களைக் கேட்டிலர். முடிந்துவிட்டது என்பதைச் செய்தியிலேதான் அறிந்தோம். அன்று யான் கருத்தாவா, கருவியா? இலக்கணம் கற்பிக்கும் எனக்கே விடை அறிய நாணமாயிருந்தது.

2022ஆம் ஆண்டுக் கிளர்ச்சி இவ்வழக்கின் மறுபுறத்தைக் காட்டிற்று. காலிமுகத்திடலிற் கூடியோர் கட்சிக் கொடி வேண்டா என்றனர். ஏப்ரல் 28ஆம் திகதியும் மே 6ஆம் திகதியும் தொழிற்சங்கங்கள் நாட்டை நிறுத்திக் காட்டின. ஜூலையில் கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். ஆனால் அடுத்து வரவேண்டியவர் யார் என்பதைத் தெருவில் நின்றோர் தீர்மானிக்கவில்லை. அதே பழைய நாடாளுமன்றம் தீர்மானித்தது. தன் கட்சிக்கு ஒரேயோர் ஆசனம் இருந்த ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். ஒருவரைப் போக்க வல்ல இயக்கம் மற்றொருவரை ஆக்க வல்லதாகவில்லை. கட்சியே வேண்டா என்பாரும் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

பின்னர் 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பரில் மக்கள் விடுதலை முன்னணி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களுள் 159ஐப் பெற்றது. நேற்றுவரை தொழிற்சங்க மேடையில் நின்றோர் பலர் நாடாளுமன்றத்திலும் அமைச்சுகளிலும் அமர்ந்தனர். அவர்களின் நல்லெண்ணத்தை யான் ஐயுறவில்லை. 1964இல் அமைச்சரான என். எம். பெரேராவின் நல்லெண்ணத்தையும் யாரும் ஐயுற வேண்டியதில்லை. நல்லெண்ணம் வழக்கைத் தீர்ப்பதில்லை. முதலாளியாகிய அரசின் நாற்காலியிலும், அவ்வரசிடம் கூலி கேட்கும் சங்கத்தின் நாற்காலியிலும் ஒரே கட்சியினர் அமரும்பொழுது, சங்கத்தின் வாயினின்றும் யாருடைய சொல் வெளிவரும் என்பதே வினா. அறுபதாண்டுக்கு முந்திய பரீட்சைத் தாள் மீண்டும் நம்முன் வைக்கப்பட்டுள்ளது.

என் கருத்தைச் சுருங்கக் கூறுகிறேன். கட்சி வேண்டும், ஆனால் சங்கம் கட்சியினுடையதாதல் கூடாது. வழக்கறிஞர் வேண்டும் என்பதற்காக வீட்டை அவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பாருளரோ? அவர் வாதாடட்டும், உறுதி நம்மிடமே இருக்கட்டும். 

அவ்வுறுதி நம்மிடம் இருப்பதற்குச் சில ஒழுங்குகள் இன்றியமையாதன. வேலைநிறுத்தத்தைத் தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் உறுப்பினர் இரகசிய வாக்களித்தல் வேண்டும். தொடங்க மாத்திரம் வாக்கு, முடிக்கத் தலைவரின் தொலைபேசி என்பது முறையாகாது. சங்கப் பதவியும் அமைச்சுப் பதவியும் ஒருவரிடம் இருத்தலாகாது. ஒன்றை ஏற்பவர் மற்றையதைத் துறத்தல் வேண்டும். சந்தாப் பணத்தின் கணக்கு உறுப்பினர் கண்முன் ஆண்டுதோறும் விரிக்கப்படல் வேண்டும். கட்சிகள் பிளவுபடினும் பணியிடத்துச் சங்கம் பிளவுபடாதிருக்க உறுப்பினரே காவல் நிற்றல் வேண்டும்.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. மொழியும் பிரசாவுரிமையும் கட்சியின் விடயம், கூலி சங்கத்தின் விடயம் என்னும் பாகுபாட்டை ஒழித்தல் வேண்டும். 1948இலும் 1964இலும் 1966இலும் நாம் தோற்றது இப்பாகுபாட்டாலேயே. பக்கத்தில் நின்று வேலைசெய்யும் தமிழனின் மொழி தன் சங்கத்தின் விடயம் என்று சிங்களத் தொழிலாளி கருதியிருந்தால், 1966 ஜனவரியில் எக்கட்சி அழைத்திருந்தாலும் உளியை இரவல் கொடுத்திருக்கமாட்டான். தோட்டத்தில் ஒரு தாய் நாடற்றவளானமை தன் சங்கத்தின் விடயம் என்று கொழும்பு எழுதுவினைஞன் கருதியிருந்தால், பத்து இலட்சம் பேரின் கையொப்பம் ஓராண்டிற் காற்றிற் பறந்திராது. வடக்கிலும் கிழக்கிலும் வாழும் நாமும் இதே தவற்றைச் செய்தோம். மலைநாட்டுத் தொழிலாளியின் வாக்குரிமை பறிபோனபொழுது அதற்குத் துணைநின்ற தமிழ்த் தலைவர்களும் நம்மிடையே இருந்தனர். பிறர் கண்ணின் துரும்பை மாத்திரம் எண்ணுதல் பண்டிதர்க்கும் அழகன்று.

அம்மாணவர்க்கு அடுத்த வகுப்பிலே விடை கூறினேன். தொழிலாளியை ஏவுவோன் பிறனாயிருக்குமளவும், அவன் எத்துணை வீரத்துடன் இயற்றினாலும், 'தொழிலாளரால்' என்பதில் வரும் ஆல் கருவிப் பொருளிலிருந்து முற்றும் விலகாது. ஏவுவோனும் இயற்றுவோனும் ஒருவனேயாகும் இடத்திலேயே அது ஐயமற்ற கருத்தாப் பொருள் ஆகும் என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பின் தலைநிமிர்ந்து, "அப்படியானால் என் பாட்டா எது, ஐயா?" என்று கேட்டார்.

தம் மனமறிந்து வேலையை நிறுத்தியவர் அவர். ஆதலால் அவ்வொரு நாளளவில் அவர் கருத்தாவே என்றேன். கருவியாக்கப்பட்டது அதன் பின்னர். அந்நாளை அவரிடமிருந்து யாரும் பறிக்க இயலாது. அதன் பின்வந்த நாட்களைப் பறிகொடாதிருப்பது உம்மைப் போன்றோரின் கடன் என்றும் கூறினேன். இலக்கண நூலில் அவ்விடைக்குச் சூத்திரம் இல்லை. ஆயினும் அது பிழையன்று என்றே எண்ணுகிறேன்.